மூடி வைத்த வெடிப்பு

விரல்கள் இரண்டு போன பிறகும் காய்ச்சல் போகவில்லை.

ஞானசீலனின் வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் திங்கட்கிழமைதான் எடுத்தார்கள். புதுச் செருப்பு கடித்து வந்த புண், பதினைந்தே நாளில் சீழ் பிடித்து, பாதத்தை வீங்க வைத்து, அந்த இரண்டையும் கறுக்க வைத்திருந்தது. எடுத்துவிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தார்கள். இன்று வியாழன். காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. சர்க்கரை முந்நூற்று அறுபது.

எட்டு மணிக்கு வந்த டாக்டர் பீமாராவ், கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு மகள் டயானாவை வெளியே அழைத்தார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, பிரஷர் இறங்குகிறது, சிறுநீரகமும் சோர ஆரம்பித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். இவ்வளவு பேசுகிறாரே என்பதிலேயே நிலைமை அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இறங்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவோம். காலா உயிரான்னு யோசிக்கிற கட்டம் தாண்டிருச்சும்மா."

சம்மதப் படிவத்தை அப்பாவிடம் கொண்டுபோனாள். மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர் அவர். காய்ச்சலிலும் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். விட்டுப்போயிருந்த ஓர் ஒற்றெழுத்தைப் பேனாவால் சேர்த்தார். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"காலோட கூட்டிட்டு வந்த. காலோட கூட்டிட்டுப் போ."



சிம்மக்கல்லில் இத்தனை மருத்துவமனை இருக்க, அப்பாவை ஏன் இங்கே கொண்டுவந்தாள் என்பது டயானாவுக்கு மட்டுமே தெரியும். சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கென்றே இங்கே தனி வார்டு இருக்கிறது. அந்த வார்டில் ஜெயபாண்டி நர்ஸாக இருக்கிறான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஜெயபாண்டியின் அப்பா நல்லகாமன், பரவைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இவர்கள் வீட்டுக்கு டயானாவைப் பெண் கேட்டு வந்தார்; ஞானசீலன் பத்தே நிமிடத்தில் வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஜெயபாண்டி அன்று வரவில்லை. டயானாவின் பெற்றோருக்கு அவன் பெயர் தெரியும், முகம் தெரியாது. இங்கே அந்த முகத்தை மாஸ்க் மூடியிருந்தது. பெண் நர்ஸை 'சிஸ்டர்' என்றும் ஆண் நர்ஸை 'பிரதர்' என்றும் கூப்பிடுவதுதான் வார்டு வழக்கம். மூன்று நாளாக ஞானசீலனும் அவனைப் பிரதர் என்றே கூப்பிட்டார்.

இன்று காலை டிரெஸ்ஸிங்கின்போது ஜெயபாண்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். பஞ்சுத் துணியை உப்புநீரில் நனைத்து நனைத்து, ஒட்டிய சதை பிய்ந்துவிடாமல் மடிப்பு மடிப்பாக எடுத்தான். புண்ணின் குழியைக் கழுவினான். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடி நாடித்துடிப்பை எண்ணினான். பிறகு டயானாவைத் தேடி வராந்தாவுக்கு வந்தான்.

"புண்ணு நல்லாருக்கு டயானா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. விரல் எடுத்த இடத்தில் புதுச் சதை சிவப்பாகத் துளிர்த்திருக்கிறது, காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது, நெஞ்சுப் படத்திலும் சிறுநீர் பரிசோதனையிலும் தொற்று ஒன்றும் இல்லை என்று அவன் விளக்கினான். அப்படியென்றால் இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது? டாக்டர், பாதத்துக்குள்ளே ஆழமாகப் பரவிவிட்டது என்று நினைக்கிறார். இருக்கலாம். ஆனால் வேறெங்காவது அடிபட்டதா என்று தான் மூன்று தடவை கேட்டும், மூன்று தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்றான்.

"உங்கப்பா எதையோ மறைக்கிறாரு."

"அப்பா பொய் சொல்ல மாட்டாரு."

"பொய் சொல்றாருன்னு நான் சொல்லல."

டயானா பதில் சொல்வதற்குள், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

பத்து மணிக்கு சூசையம்மாள் வந்து சேர்ந்தாள். தலைசுற்றலும் ரத்த அழுத்தமுமாக இருந்தவளை மகள்தான் இத்தனை நாள் ஞானஒளிவுபுரத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள். இன்று வரச் சொல்லி அவளே போன் செய்தபோது, எதற்கு என்று சூசையம்மாள் கேட்கவில்லை. வரும் வழியில் பங்குச்சாமியாருக்கு போன் போட்டாள். அவர் திண்டுக்கல்லில் இருந்தார். குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கும் பிரதர் ஒருவரை ஜெபிக்க அனுப்புவதாகச் சொன்னார்.

கணவர் கண்ணை மூடிக் கிடந்தார். நெற்றி சுட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்துச் சாவியைக் கேட்டார். சாவியை ஒப்படைத்து ஒரு வருடமாகிறது.  வெளியே வந்து மேசையிலிருந்த சிஸ்டரிடம் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டாள்.

"உக்காருங்கம்மா. பிரதர் இப்ப வந்துருவாங்க, அவங்ககிட்ட பேசுங்க."

சாமியார் சொன்னபடியே அனுப்பிவிட்டார் என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெள்ளை அங்கியில், மாஸ்க்கோடு ஜெயபாண்டி வந்தான். அவள் எழுந்தாள்.

"தோத்திரம் பிரதர்."

நோயாளி வீட்டார் எத்தனையோ விதமாக வணக்கம் சொல்வார்கள். அவனும் கைகூப்பினான். அந்த முகவாயைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. டயானாவுக்கும் அதே முகவாய். பெஞ்சின் மறுகோடியில் தயங்கி உட்கார்ந்தான்.

"பாவசங்கீர்த்தனம் கேக்க உங்களுக்கு இன்னும் பட்டம் ஆகலைன்னு தெரியும் பிரதர். கேட்டு மனசுல வச்சுக்கிட்டாப் போதும்."

பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் சடங்கு என்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தொடர்ந்தாள்.

"இவுக என்கிட்ட மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக. டாக்டர்ட்ட, நர்ஸ்ட்ட, பிள்ளைட்ட, மூணு பேர்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. உங்ககிட்டச் சொன்னா அதுல சேராதுல்ல?"

இப்போது அவனுக்கு விளங்கிவிட்டது.

நான் நர்ஸ் என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். சொன்னால் இந்த அம்மா வாயை மூடிக்கொள்வாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் பத்தே முக்காலைக் காட்டியது. சொல்லாமல் கேட்டால் ஏமாற்று. அது ஏமாற்றுதான் என்று தெரிந்தே அவன் வாயைத் திறந்தான்.

"சொல்லுங்கம்மா."

பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகச் சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் ஒருவராக இந்த வருடம்தான் முதல்முறையாக ஞானசீலனைப் போட்டார்கள். அதில் அவருக்கிருந்த சந்தோஷத்தை மறுநாளே ஒரு கவலை தின்றது. அவருடைய குதிகாலில் இளவயதிலிருந்தே வெடிப்பு. காசு நுழையும் அளவுக்கு.

"சாமியார் குனிஞ்சு கழுவி, துடைச்சு, முத்தம் குடுக்குற காலு. இத எப்படி நீட்டுறதுன்னு ஒரு வாரமா அதே பேச்சு. முந்துன நாள் குளியலறைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாக. செங்கலால தேய்ச்சிருக்காக. சர்க்கரைக் காலுக்கு வலிதான் தெரியாதே. செங்கல்லு பூரா ரத்தம்."

ரத்தம் நின்றதும் வெடிப்புகளில் செருப்பு ஒட்டுகிற பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அழுத்திப் பிடித்து ஒட்டிவிட்டார். மேலே பவுடர் போட்டார். வியாழன் மாலை அந்தக் குதிகால் பளிங்கு மாதிரி இருந்தது. சாமியார் முத்தமிட்டார். உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு நாளில் அது சுட ஆரம்பித்தது. ஓரத்தில் கசிந்தது.

"கசியக் கசிய மேல இன்னொரு சொட்டு விட்டு அடைச்சாக பிரதர். செருப்பு கடிச்சதும் நெசந்தான். அது முன்னாடிப் புண்ணு. பின்னாடி இருக்கிறத யாருக்கும் காட்டல. இம்புட்டு வீங்குன பொறகும், பசைய வச்சு ஒட்டுன கதைய வெளிய சொல்லாதன்னுட்டாக."

ஜெயபாண்டி அந்தக் குதிகாலைத் தினமும் இரண்டு வேளை பார்த்தவன். தடித்து, மஞ்சளாக, வழவழவென்று இருந்தது. இந்த வார்டில் பத்துக் காலில் எட்டு அப்படித்தான் இருக்கும். முழுப் பாதமும் வீங்கியிருந்ததால் அது தனியாக வீங்கியதாகத் தோன்றவில்லை. தொட்டால் வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு உணர்ச்சியும் இல்லை.

மாஸ்க்கைக் கழற்றினான்.

"அம்மா, நான் கோயில் பிரதர் இல்ல. இந்த வார்டு நர்ஸு. இங்க ஆம்பள நர்ஸைப் பிரதர்னுதான் கூப்பிடுவாங்க. முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க நிறுத்திருவீங்கன்னு சொல்லல. தப்புத்தான்."

சூசையம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டாள்.  இதை இப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் காலுக்கு ஒரு வழி இருக்கலாம் என்று அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்றே தெரியவில்லை.

"உங்க பேரு என்ன தம்பி?"

"ஜெயபாண்டி."

"எந்த ஊரு?"

"பரவைக்கு அங்கிட்டும்மா. சின்ன ஊரு. பேரு சொன்னாத் தெரியாது."

"தெரியும்," என்றாள். அவன் முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். "போங்க தம்பி. போயிச் சொல்லுங்க."

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஜெயபாண்டி ஏழாம் கட்டிலுக்கு வந்தான். ஞானசீலனின் காலை உயர்த்திப் பிடித்துக் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினான். தடித்த தோலுக்கு அடியில் சேறு மாதிரி அமுங்கியது. ஓரமாகப் பார்த்தால் பசை படிந்த இடம் மீன் செதில் போல மினுங்கியது. அழுத்திய விரலை எடுத்ததும் பின்னாலேயே ஒரு நாற்றம் வந்தது. மூன்று நாளாக இது முன்பக்கத்துப் புண்ணின் வாடை என்றே அவன் நினைத்திருந்தான்.

ஞானசீலன் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.  திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டே காலுக்கு ரத்தப் பெட்டியோடு டயானா திரும்பியபோது, டாக்டர் பீமாராவ் அவளுக்காகக் காத்திருந்தார். பழைய படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுதியிருந்தார்.

"குதிகாலைத் தொறந்து பாக்கப் போறேன். எலும்பு நல்லா இருந்தா, சீழை வழிச்சு, கெட்ட சதைய வெட்டிட்டு வந்துருவேன். எலும்பு கெட்டிருந்தா வெளிய வந்து உன்கிட்ட கேக்க நேரமிருக்காது, அப்படியே மேல எடுத்துருவேன். ரெண்டுக்கும் சேத்துக் கையெழுத்துப் போடு."

அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அவர் படித்தது போல அவள் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். பெயரை எழுதி முடித்த பிறகுதான், பெயருக்குப் பின்னால் எப்போதும் போடும் புள்ளியை விட்டுவிட்டது தெரிந்தது. போடவில்லை.

தியேட்டர் கதவு மூடியது. மணி ஒன்றே கால்.

அம்மாவும் மகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கல், பசை எல்லாவற்றையும் அம்மா மறுபடி ஒருமுறை சொன்னாள். டயானா அழவில்லை. ஏன் என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டாள். நீயும் அந்த மூன்று பேரில் ஒருத்திதானே என்றாள் அம்மா.

பெண் கேட்டு வந்தவர் மகன் அந்தத் தம்பிதானா என்றும் கேட்டாள். ஆமாம் என்றாள் டயானா.

"தெரிஞ்சேதான் இங்க சேத்தியா?"

"அவன் கையில இருந்தா காலு தப்பும்னு நெனச்சேன்மா."

"நல்லா இருக்குடி. பொண்ணு பாக்க அவுக வந்தாக. மாப்ள பாக்க நீ அப்பாவையே தூக்கிட்டு வந்திருக்க."

டயானாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறியது. சூசையம்மாள் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு, ஜெபப்புத்தகத்தோடு வியர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்து, தான்தான் பிரதர் என்றார். சூசையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தப் பிரதருன்னு முதல்ல சொல்லுங்க."

அவர் குழம்பிப் போய்க் குருமடத்தின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் தலையை மூடிக்கொண்டு முழந்தாளிட்டாள். மூவரும் ஜெபமாலை சொன்னார்கள். மாலையின் நான்காம் பத்து மணிகளைச் சொல்லி முடிக்கும்போது கதவு திறந்தது.

டாக்டர் பீமாராவின் தொப்பி நனைந்திருந்தது. டயானா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் தள்ளிக்கொண்டு வரப்பட்ட கட்டிலைப் பார்த்தாள். போர்வையின் அடியில் இரண்டு மேடுகள் இருந்தன. இடது பாதம் ஒன்று. வலது பக்கத்தில் பருமனாகக் கட்டுப் போட்ட இன்னொன்று.

"எலும்பு கெட்டியா இருக்கு," என்றார் டாக்டர். "அரை டம்ளருக்கு மேல சீழு. நாளைக்குன்னு விட்டிருந்தா எலும்புக்குள்ள போயிருக்கும். காலு இப்போதைக்கு இருக்கு, அவ்வளவுதான் சொல்லுவேன். சனிக்கிழமை திரும்பத் தொறந்து பாக்கணும். ரெண்டு மாசம் அந்தக் காலத் தரையில ஊணவே கூடாது. தினமும் டிரெஸ்ஸிங். ஒரு நாள் விட்டீங்கன்னாலும் அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

மாலை ஐந்து மணிக்குக் காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. பிரஷர் நிமிர ஆரம்பித்திருந்தது. சூசையம்மாளைக் கட்டாயப்படுத்திக் கீழே கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு, எழுதிக் கொடுத்த மருந்துகளை வாங்க டயானா போனாள்.

ஜெயபாண்டி தனியாக நின்று, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்ததால், ஞானசீலனுக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் ஒன்றும் தெரியவில்லை. தலை மட்டும் தெளிந்திருந்தது.

"காலு இருக்கா?"

"இருக்கு சார்."

"யாரு சொன்னா? சூசையா?"

"நான்தான் கேட்டு வாங்கினேன் சார். அவங்க மேல தப்பில்ல."

ஞானசீலன் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.  பிறகு, அலுவலகத்தில் கோப்பை வாசிப்பது போன்ற குரலில் பேசினார்.

"நீ தினமும் கேஸ் ஷீட்டுல கையெழுத்துப் போடுற. ந. ஜெயபாண்டி. முப்பத்தெட்டு வருஷம் பேரு, தகப்பன் பேரு, ஊருன்னு எழுதுனவன் நான். முதல் நாளே தெரியும்."

ஜெயபாண்டியின் கை தலையணையிலேயே நின்றுவிட்டது.

"உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தப்ப, வாசல்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு. ஈரக் காலு. தரையில பதிஞ்சுச்சு. அவரு போனதும், வெடிப்புல வயச்சேத்த வச்சுக்கிட்டுப் பொண்ணு கேக்க வந்துட்டாங்க, தொடச்சு விடுன்னு சூசைட்டச் சொன்னேன். அவரு இன்னும் கேட்டைத் தாண்டல. நின்னாரு. திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு."



"அவரு மகன் கையில காலக் குடுத்துட்டு, எனக்கும் வெடிப்புன்னு நான் என்னன்னு சொல்றது? உசுரு போனாலும் போகட்டும்னு படுத்துட்டேன்."

அன்று என்ன நடந்தது என்று அப்பா அவனிடம் சொன்னதே இல்லை. சரிவராது என்று மட்டும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடப்பதில்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை.

"உங்கப்பாவ ஒரு தடவ வரச் சொல்லு ஜெயபாண்டி. நான் எந்திரிச்சுப் போக முடியாது. அவர்ட்ட நேர்ல பேசணும்."

"வர மாட்டாங்க சார்."

"நான் கேட்டேன்னு சொல்லு."

"சொன்னாலும் இப்ப வர முடியாது." அவன் குரல் இறங்கிவிட்டது. "காலையிலதான் அப்பா போன் பண்ணாங்க. அலங்காநல்லூர்ல எனக்குப் பொண்ணு பேசி, வெத்தல பாக்கு மாத்திட்டு வந்துட்டாங்களாம். என்னைய ஒரு வார்த்த கேக்கல. வைகாசியில முகூர்த்தம்னு சொல்றாங்க."

ஞானசீலன் தலையைத் திருப்பினார். அவனைத் தாண்டி, திரைச்சீலைப் பக்கம் பார்த்தார்.

மருந்துக்கடைப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டயானா நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நாளைக்குக் கட்டுறதுக்கு எத்தன ரோல் துணி வேணும்னு கேக்க வந்தேன்," என்றாள்.